பரம்பரையா, வயல் மருந்தா?

கேள்வி: எனக்கு வயது 36. ஊர் தன்னாமுனை. அம்மாவுக்கு 44 வயதில் மார்பகப் புற்றுநோய் வந்து காலமாகிவிட்டார். சித்திக்கு 41 வயதில் அதே நோய். சிகிச்சை பெற்று இப்போது சுகமாக இருக்கிறார். எங்கள் வளவை ஒட்டியே வயல். சின்ன வயதில் அப்பா மருந்து அடிக்கும்போது தண்ணீர் அள்ளிக் கொடுத்திருக்கிறேன். இப்போது கணவரின் மருந்து பட்ட உடுப்பைத் துவைப்பதும் நான்தான். அயலிலும் எல்லோரும் இதையேதான் செய்கிறார்கள், அவர்களுக்கு ஒன்றுமில்லை. எங்களுக்கு மட்டும் ஏன் டொக்டர்? எனக்கு 13 வயதில் மகளும் இருக்கிறாள்.

– வாசகி, தன்னாமுனை

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தில் மிக முக்கியமானவை 44, 41 என்ற இரண்டு வயதுகள். கூடப்பிறந்த இருவருக்கு 50 வயதுக்கு முன்பே இந்நோய் வந்தால் பரம்பரைக் காரணத்தைத் தேடிப் பார்த்தே ஆகவேண்டும். மார்பகப் புற்றுநோய்களில் 5 முதல் 10 சதவீதம் வரை பெற்றோர் வழி வரும் மரபணுப் பிழையால் உண்டாகின்றன. பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 என்பவை அவற்றில் முக்கியமானவை. பிழை உள்ளவரின் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வர 50 சதவீத வாய்ப்பு உண்டு. தகப்பன் வழியாகவும் வரும்.

ஆனால் அம்மாவும் சித்தியும் பல மரபணுக்களோடு ஒரே வீட்டையும் பகிர்ந்தவர்கள். அவர்கள் சிறுமிகளாக இருந்த காலத்தில் மலேரியாவை ஒழிக்க இலங்கை வீடுகளில் டிடிடி என்ற பூச்சிநாசினியைத் தெளித்தார்கள். 1970களில்தான் அது நின்றது. கலிபோர்னியாவில் 1960களில் எடுத்து வைத்த இரத்தத்தைப் பரிசோதித்த ஆய்வு 2007இல் வெளிவந்தது. 14 வயதுக்கு முன் டிடிடிக்கு ஆளாகி, இரத்தத்தில் அது மிகுதியாக இருந்த பெண்களுக்கு 50 வயதுக்குள் இந்நோய் வரும் அபாயம் ஐந்து மடங்காக இருந்தது. நியூயோர்க்கின் லோங் ஐலண்டில் வசித்த, வயது வந்த பெண்களிடம் இரத்தம் எடுத்துப் பார்த்த 2002ஆம் ஆண்டு ஆய்விலோ தொடர்பு தெரியவில்லை. மார்பகம் வளரும் பருவத்தில் நஞ்சு படுவதே கூடுதல் ஆபத்து என்று இதிலிருந்து கருத இடமுண்டு.

இன்றைய பூச்சிநாசினிகளைப் பற்றிய சான்று இதைவிட மெலிந்தது. அமெரிக்க விவசாயிகளின் மனைவியர் சுமார் 30,000 பேரைத் தொடர்ந்து கவனித்ததில், ஓர்கனோபொஸ்பேற் வகை மருந்துகளைக் கையாண்டோருக்கு அபாயம் சிறிதளவே கூடியிருந்தது. இவ்வகை நஞ்சை உடைக்கும் பொன்1 என்ற நொதி ஆளுக்கு ஆள் கூடிக் குறையும். அதையும் பெருமளவு மரபணுவே தீர்மானிக்கிறது. ஒரே வயலில் நிற்கும் இருவருக்கு ஒரே விளைவு வராததற்கு இதுவும் ஒரு காரணமாகலாம். ஆயினும் பொன்1ஐப் பரிசோதித்து ஒருவருக்குப் புற்றுநோய் வருமா என்று சொல்ல முடியாது. அதற்காகக் காசு செலவழிக்காதீர்கள்.

இனிச் செய்ய வேண்டியவை: சித்தியோடு மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் புற்றுநோய்ப் பிரிவுக்குப் போய், மரபணு ஆலோசனைக்கு வழி கேளுங்கள். நோய் வந்தவரின் இரத்தத்தை முதலில் பார்ப்பதே முறை. அவரிடம் பிழை தெரிந்தால், அதே பிழை உங்களுக்கு உண்டா என்று பார்ப்பது எளிது. தாய்க்கு நோய் வந்த வயதுக்குப் பத்து வருடம் முன்பே மார்பகப் படப் பரிசோதனையைத் தொடங்குவது வழக்கம். உங்கள் கணக்கில் அது 34. எனவே இப்போதே காலம் கடந்துவிட்டது. எம்.ஓ.எச். அலுவலகத்தின் 'வெல் வுமன்' கிளினிக்கில் மார்பகத்தைக் காட்டி, அங்கிருந்தே வைத்தியசாலைக்குக் கடிதம் வாங்கலாம்.

மகளுக்கு இப்போது மரபணுப் பரிசோதனை வேண்டாம். 18 வயதுக்குப் பிறகு அவளே முடிவு செய்யட்டும். மருந்து கலக்கும் இடத்துக்கும் தெளிக்கும் வயலுக்கும் அவளை அனுப்பாதீர்கள். கணவரின் உடுப்பைக் கையுறை போட்டு வேறாகத் துவையுங்கள். வெறும் மருந்துப் போத்தலை வீட்டில் எதற்கும் எடுக்காதீர்கள்.

பரம்பரையை மாற்ற முடியாது, முன்கூட்டி அறியலாம். மருந்து படுவதை இன்றே குறைக்கலாம். இந்த மாதமே சித்தியையும் கூட்டிக்கொண்டு போங்கள்.