இரண்டாம் வகை நீரிழிவு: உடல் நிறையும் குருதிக் குளுக்கோசும்

"நீரிழிவு நோயாளியின் உடல் நிறை குறைவது நன்றா, தீதா?" என வினவப்பட்டால் ஒரு சொல்லில் விடை எழுதாதீர்கள். நிறை எவ்வாறு குறைந்தது என்பதைப் பொறுத்தே விடை அமையும்.

சதையியிலுள்ள இலங்கர்கான் சிறுதீவுகளின் பீற்றாக் கலங்கள் இன்சுலினைச் சுரக்கின்றன எனக் கற்றிருப்பீர்கள். இரண்டாம் வகை நீரிழிவில் இன்சுலின் சுரக்கப்படுகின்றது. எனினும் ஈரல், தசை ஆகியவற்றின் கலங்கள் அதற்குச் சரிவரத் துலங்குவதில்லை. காலப்போக்கில் சுரப்பும் குறைகின்றது.

சிகிச்சை பெறாதவரை முதலில் நோக்குவோம். குருதிக் குளுக்கோசு 100 மில்லிலீற்றரில் ஏறத்தாழ 180 மில்லிகிராமைத் தாண்டும்போது சிறுநீரகத்திகளால் அதனை முற்றாக மீள அகத்துறிஞ்ச முடியாது. குளுக்கோசு நீரையும் இழுத்துக்கொண்டு சிறுநீருடன் வெளியேறும். அடிக்கடி சிறுநீர் கழிதலும் தாகமும் இதனாலேயே ஏற்படுகின்றன. கலங்கள் குளுக்கோசைப் போதியளவு பயன்படுத்த முடியாதபோது கொழுப்பும் தசைப் புரதமும் உடைக்கப்பட்டு உடல் மெலியும். "நன்றாக மெலிந்துவிட்டீர்கள்" என அயலவர் பாராட்டக்கூடும். குருதியிலோ குளுக்கோசு உயர்ந்தே இருக்கும். வீட்டில் எவராவது காரணமின்றி மெலிந்தால், தாகமும் கூடினால், குருதியைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

இனி, உணவைக் குறைத்து நிறை குறைப்பவரை நோக்குவோம். உணவு உட்கொள்ளாத இரவு வேளையில் ஈரலே குருதிக்குக் குளுக்கோசை விடுவிக்கின்றது. இன்சுலின் இதனைக் கட்டுப்படுத்தும். ஈரலில் கொழுப்பு மிகையாகச் சேர்ந்தால் இக்கட்டுப்பாடு தளர்கின்றது. ஆகவே ஒன்றும் உண்ணாதிருந்தும் காலையில் குளுக்கோசு உயர்ந்து காணப்படும்.

இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழக ஆய்வொன்று 2011 இல் வெளியானது. நோயாளிகள் 11 பேருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 600 கிலோகலோரி உணவே வழங்கப்பட்டது. வெறுவயிற்றுக் குருதிக் குளுக்கோசு சராசரியாக லீற்றருக்கு 9.2 மில்லிமோலிலிருந்து ஒரே கிழமையில் 5.9 ஆகக் குறைந்தது. எட்டுக் கிழமைகளில் உடல் நிறை ஏறத்தாழ 15 கிலோகிராம் குறைந்தது. முதற் கிழமையில் நிறை சிறிதளவே குறைந்திருந்தும் குளுக்கோசு இவ்வளவு விரைவாக இறங்கியது ஏன்? ஈரற் கொழுப்பு அக்கிழமையிலேயே ஏறத்தாழ 30 சதவீதத்தால் குறைந்துவிட்டது. தோலின் கீழுள்ள கொழுப்பு அவ்வளவு விரைவில் கரைவதில்லை.

இது மருத்துவரின் மேற்பார்வையில் நடந்தது. இன்சுலின் அல்லது சில வகை மாத்திரைகள் பெறுபவர் தாமாகவே உணவை இவ்வாறு குறைத்தால் குளுக்கோசு ஆபத்தான அளவுக்கு வீழ்ச்சியடையலாம்.

(கிலோகிராமில் அளப்பது திணிவு. நிறையின் அலகு நியூற்றன். நீரிழிவுச் சிகிச்சை நிலையத்தில் "நிறை 80 கிலோ" என்றே கூறுவர். விடைத்தாளில் அவ்வாறு எழுதாதீர்கள்.)

பயிற்சி வினா: குருதிக் குளுக்கோசு ஒரு கிழமையில் சீரடைந்தாலும், குளுக்கோசு பிணைந்த ஈமோகுளோபினின் சதவீதம் உடனே சீரடையாதது ஏன்? (2 புள்ளிகள்)

விடை: ஈமோகுளோபினுடன் பிணைந்த குளுக்கோசு செங்குழியத்தின் ஆயுள் முழுவதும் அதனுடனேயே இருக்கும். செங்குழியத்தின் ஆயுட்காலம் ஏறத்தாழ 120 நாட்களாகும். பழைய செங்குழியங்கள் அழிந்து புதியவை தோன்றும்வரை முன்னைய உயர்வு பரிசோதனையில் தென்படும்.