விமானத் தாமதமும் ஒகேனக்கல் ஆசையும்

விமானம் தாமதமானதே நல்லதாகப் போயிற்று, அந்த இடைவெளியில் ஓர் ஊரையே சுற்றிப் பார்த்தோம் என்று சொல்பவர்கள் உண்டு. அவர்கள் சொல்வது பொய்யல்ல. ஆனால் அதைக் கேட்பவர்கள் மனத்தில் இரண்டு நம்பிக்கைகள் ஊன்றிவிடுகின்றன. தாமதம் இனிமையாவது அதிர்ஷ்டம் என்பது ஒன்று. சோறும் ஹோட்டல் அறையும் விமான நிறுவனமே கொடுத்துவிடும் என்பது மற்றொன்று. இரண்டும் தவறு. எவ்வளவு நேரம் தாமதம் என்பது முன்கூட்டியே, நம்பத்தக்க விதத்தில் தெரிந்தால் மட்டுமே அது நல்ல இடைநிறுத்தமாக மாறும். நேரம் தெரியாவிட்டால் ஐந்து நட்சத்திர ஹோட்டலின் வரவேற்பறையிலும் மனம் வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். விமான நிலையமே இல்லாத தருமபுரி மாவட்டத்துக்காரர்களுக்கு இது மற்றவர்களைவிடக் கூடுதலாகப் பொருந்தும்.

இங்கே அடிக்கடி கேட்கும் கணக்கு ஒன்றை முதலில் சரிபார்ப்போம். பெங்களூரில் ஏழெட்டு மணி நேரம் கிடைத்தால் வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரை ஒகேனக்கல் அழைத்துப் போய் வந்துவிடலாம் என்று பலர் நம்புகிறார்கள். வரைபடத்தில் பக்கமாகத்தான் தெரியும். 2008 மே மாதம் வரை பெங்களூரின் விமானங்கள் நகருக்குள்ளேயே இருந்த எச்.ஏ.எல். நிலையத்திலிருந்து கிளம்பின. அதன் பிறகு நிலையம் நகரின் வடக்கே தேவனஹள்ளிக்குப் போய்விட்டது. தருமபுரி இருப்பதோ தெற்கே. ஓசூர் சாலை நெரிசலையும் நகரம் முழுவதையும் கடந்தால்தான் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு வர முடியும். தேவனஹள்ளியிலிருந்து தருமபுரி சுமார் 160 கிலோமீட்டர். அங்கிருந்து பென்னாகரம் வழியாக ஒகேனக்கல் இன்னும் 46 கிலோமீட்டர். அஞ்செட்டி வழியில் தூரம் குறைவு, ஆனால் அது வளைவுகள் நிறைந்த காட்டுப் பாதை. யானை நடமாட்டம் உள்ள பகுதி. போக நாலரை மணி, வர நாலரை மணி, புறப்பாட்டுக்கு முன் நிலையத்தில் இருக்க வேண்டிய இரண்டு மூன்று மணி நேரம், அருவியில் நிற்க இரண்டு மணி நேரம். கூட்டினால் பதின்மூன்று, பதினான்கு மணி நேரம் ஆகிறது. காவிரியில் நீர்வரத்து கூடினால் பரிசல் ஓட்டவும் குளிக்கவும் மாவட்ட நிர்வாகம் தடை விதிப்பதும் வழக்கம். ஆகவே எட்டு மணி நேர இடைவெளிக்கு ஒகேனக்கல் இல்லை. முழு இரவும் ஒரு பகலும் தள்ளிப்போனால் உண்டு, அதுவும் அப்படித் தள்ளிப்போவது முதலிலேயே தெரிந்தால்.

இதே தூரம் இன்னொரு விதத்தில் நமக்குச் சாதகமும் ஆகும். பெங்களூரில் விமானம் பிடிக்க வேண்டிய தருமபுரிக்காரர் அதற்கு ஆறேழு மணி நேரம் முன்னரே வீட்டை விட்டுக் கிளம்புகிறார். மூன்று மணி நேரத் தாமதத்தை அதற்கு முன்பே சொல்லிவிட்டால் அந்த மூன்று மணி நேரமும் அவருடையது. வழியனுப்ப வந்த உறவினர்களோடு அதியமான்கோட்டை காலபைரவர் கோயிலுக்குப் போய் வரலாம். தருமபுரி அருங்காட்சியகத்தில் இந்த மண்ணின் நடுகற்களைப் பார்க்கலாம். சுப்பிரமணிய சிவா 1925-ல் கண்மூடிய பாப்பாரப்பட்டியில் அவர் நினைவிடத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போகலாம். உள்ளூர்க்காரர்கள் பலர் ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடும் இடங்கள் இவை. அதே தாமதத்தைப் பாதுகாப்புச் சோதனை முடிந்த பிறகு அறிவித்தால் அந்த மூன்று மணி நேரத்துக்கு ஒரு பயனும் இல்லை. சோதனையைத் தாண்டியவர் நினைத்தபடி வெளியே வர முடியாது, நிறுவன ஊழியரின் துணை வேண்டும். வெளிநாடு செல்பவரென்றால் பாஸ்போர்ட்டில் விழுந்த குடியகல்வு முத்திரையை ரத்து செய்த பிறகுதான் வாசல் திறக்கும். ஆக, தாமதத்தின் நீளத்தைவிட அது நம் காதுக்கு எப்போது எட்டுகிறது என்பதே முக்கியம்.

அடுத்தது ஹோட்டல் அறை. சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2010-ல் கொண்டுவந்து பின்னர் திருத்திய விதிகளின்படி, இரண்டரை மணி நேரம் வரை பறக்கும் விமானம் புறப்பட இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் உணவும் சிற்றுண்டியும் தர வேண்டும். அதைவிட நீண்ட பயணங்களுக்கு இந்த வரம்பு மூன்று மணி, நான்கு மணி என்று கூடும். அறை கிடைப்பது 24 மணி நேரத்துக்கு மேல் தாமதமானால், அல்லது இரவு 8 மணிக்கும் அதிகாலை 3 மணிக்கும் இடையில் கிளம்ப வேண்டிய விமானம் ஆறு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால். பகல் பத்து மணி விமானம் மாலை ஆறுக்குத் தள்ளிப்போனால் அறை கேட்க விதியில் இடமில்லை. தாமதத்துக்குப் பணம் கிடைக்கும் என்பதும் தவறான நம்பிக்கை. ஐரோப்பாவில் 2004-ம் ஆண்டு ஒழுங்குமுறையும் அதன் மீதான நீதிமன்றத் தீர்ப்பும் மூன்று மணி நேரத் தாமதத்துக்கே 250 முதல் 600 யூரோ வரை வாங்கித் தருகின்றன. நம் விதிகளில் ரொக்க இழப்பீடு உரிய அறிவிப்பின்றி ரத்து செய்தாலோ, ஏற்ற மறுத்தாலோதான். அதுவும் மோசமான வானிலை, வான்வழிக் கட்டுப்பாடு போன்றவை காரணமானால் கிடையாது. மார்கழி, தை அதிகாலைகளில் தேவனஹள்ளியில் இறங்கும் பனிமூட்டத்துக்காக எந்த நிறுவனமும் நமக்கு இழப்பீடு தர வேண்டியதில்லை.

இந்த விதிகளில் நமக்கு மிகவும் பயன்படக்கூடியது உணவோ அறையோ அல்ல, பலர் கேள்விப்படாத வேறொரு வரி. உள்நாட்டு விமானம் ஆறு மணி நேரத்துக்கு மேல் தாமதமாகும் என்று எதிர்பார்த்தால், புறப்பாட்டுக்கு 24 மணி நேரம் முன்பே பயணியிடம் சொல்லி, மாற்று விமானமோ முழுப் பணமோ என்று அவர் விருப்பத்துக்கு விட வேண்டும். அந்த 24 மணி நேரத்தில்தான் பயணி தன் நாளைத் தானே திட்டமிட முடியும்.

நிலைமை உறுதியாகத் தெரிந்தால் காத்திருப்பும் இனிதாகும் என்பதற்கு உலகம் அறிந்த சான்று கனடாவின் கேண்டர். 2001 செப்டம்பர் 11 அன்று அமெரிக்க வான்வெளி மூடப்பட்டதும் 38 பயணிகள் விமானங்கள் அந்தச் சிற்றூரில் இறங்கின. சுமார் பத்தாயிரம் பேர் வாழ்ந்த ஊருக்கு ஆறாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட விருந்தினர்கள் வந்துசேர்ந்தார்கள். பள்ளிகளும் வீடுகளும் அவர்களுக்காகத் திறந்தன. பல நட்புகள் ஆண்டுக்கணக்கில் நீடித்தன. அந்த ஊர் மக்களின் அன்பை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் அந்த அன்பைப் பயணிகள் ஏற்றுக்கொள்ள முடிந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. வான்வெளி மூடியிருக்கும்வரை எந்த விமானமும் கிளம்பாது என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. வாசலில் காத்துக்கிடக்க வேண்டிய தேவையே இல்லை. இதற்கு நேர்மாறாக நடந்தது 2025 டிசம்பர் முதல் வாரத்தில். விமானிகளின் பணிநேர விதிகள் மாறியதற்கு ஏற்பத் தயாராகாத இண்டிகோ ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்களை ரத்து செய்தது. அப்போது பெங்களூரிலும் பிற நகரங்களிலும் தரையில் படுத்துக் கிடந்தவர்களை அதிகம் வாட்டியது அடுத்து என்ன என்று தெரியாத நிலைதான்.

இயந்திரக் கோளாறு எப்போது சரியாகும் என்று யாரால் சொல்ல முடியும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் தாமதங்களில் பெரும்பங்கு, முந்தைய ஊரிலிருந்து வர வேண்டிய விமானம் வந்துசேராததால் நேர்வது. அது எங்கே இருக்கிறது என்பது நிறுவனத்துக்குத் தெரியும். இன்று விமானத் தடம் காட்டும் செயலி வைத்திருக்கும் யாருக்கும் தெரியும். அரை மணி, மீண்டும் அரை மணி என்று துண்டுதுண்டாக அறிவிப்பதற்குச் சொல்லப்படும் இன்னொரு காரணம், நீண்ட நேரம் சொல்லிவிட்டு விமானம் முன்பே தயாரானால் பயணிகள் இருக்க மாட்டார்கள் என்பது. அதற்கும் வழி உண்டு. இந்த நேரத்துக்கு முன் கிளம்பாது என்று உறுதியாக ஒரு நேரத்தைச் சொன்னால் போதும். பத்து இருபது நிமிடம் அங்கே வீணாகலாம். நூற்றைம்பது பேரின் அரை நாள் மிஞ்சும்.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. கோயிலும் அருங்காட்சியகமும் வசதியுள்ளவர்களின் பேச்சு. துக்க வீட்டுக்குப் போகிறவருக்கும், வளைகுடா வேலைக்கு நாள் குறித்துக் கிளம்புகிறவருக்கும் எந்தத் தாமதமும் இனிக்காது என்பார்கள். உண்மைதான். ஆனால் உறுதியான நேரம் அவர்களுக்குத்தான் மற்றவர்களைவிட அவசியம். பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு ரயிலையோ பேருந்தையோ பிடிப்பதா, வேலை கொடுத்தவருக்குத் தகவல் சொல்வதா என்று முடிவெடுக்க வேண்டியவர்கள் அவர்கள்.

சேலம் விமான நிலையம் பக்கத்தில் இருப்பதால் நமக்கு இந்தக் கவலை குறைவு என்ற நம்பிக்கையும் உண்டு. ஓமலூர் அருகே காமலாபுரத்தில் உள்ள அது தருமபுரியிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர்தான். 2018 மார்ச்சில் உதான் திட்டத்தால் மீண்டும் உயிர் பெற்றது. ஆனால் விமானங்கள் சிலவே. ஒன்று ரத்தானால் அடுத்தது பெரும்பாலும் மறுநாள்தான். போகும் வழியில் தொப்பூர் கணவாயில் லாரி கவிழ்ந்து சாலை அடைபட்டால் ஒரு மணி நேரப் பயணம் மூன்று மணி நேரமாகும். சேலத்திலிருந்து ஒரு டிக்கெட், பெங்களூரிலிருந்தோ சென்னையிலிருந்தோ வெளிநாட்டுக்குத் தனி டிக்கெட் என்று வாங்கியவர்கள் முதல் விமானத்தின் தாமதத்தால் இரண்டாவதைத் தவறவிட்டால் எந்த நிறுவனமும் பொறுப்பேற்காது. முழுப் பயணமும் ஒரே பி.என்.ஆர். எண்ணில் இருந்தால்தான் சேரும் ஊர்வரை கொண்டுசேர்ப்பது விமான நிறுவனத்தின் கடமை. சில நூறு ரூபாய் மிச்சத்துக்காக இரண்டாகப் பிரித்து வாங்க வேண்டாம்.

உரிமையைக் கேட்க டெல்லிக்கோ பெங்களூருக்கோ அலைய வேண்டும் என்று நினைத்துப் பலர் விட்டுவிடுகிறார்கள். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, புகார் தருபவர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். தாமத அறிவிப்பு வந்த குறுஞ்செய்திகளையும் போர்டிங் பாஸையும் அழிக்காமல் வைத்திருங்கள். முதலில் விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் ஏர்சேவாவிலோ 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணிலோ புகாரைப் பதிவு செய்யுங்கள். அதிலும் தீராவிட்டால் தருமபுரியில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுகள் வரை அவகாசம் உண்டு, ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளுக்குக் கட்டணமும் இல்லை.