வயல் மண்ணும் ஆய்வகத் தட்டும்

மாணவர்களே, கல்லணைக் கால்வாயில் தண்ணீர் வந்துவிட்டால் ஒரத்தநாட்டு வயல்களில் உழவும் நடவும் மும்முரமாகிவிடும். முழங்கால் அளவு சேற்றில் நிற்பவர்களுக்கு அது சோறு போடும் மண். ஆனால் ஈரமான நெல்வயல் மண்ணில், கண்ணுக்குத் தெரியாத ஒரு பாக்டீரியாவும் வாழக்கூடும். பர்கோல்டீரியா சூடோமாலி என்பது அதன் பெயர். அது உண்டாக்கும் நோய் மெலியாய்டோசிஸ். 1911-ல் ரங்கூனில் ஆல்ஃபிரட் விட்மோர், சி. எஸ். கிருஷ்ணசாமி ஆகிய இருவரும் இந்நோயை இனங்கண்டனர். தமிழ்நாட்டில் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை இந்நோயாளிகள் பலரைக் கண்டறிந்துள்ளது.

காலில் உள்ள சிறு கீறல் வழியாகவோ மூச்சுக்காற்றின் வழியாகவோ இப்பாக்டீரியா உடலுக்குள் நுழையும். சர்க்கரை வியாதி உள்ளவர்களுக்கே ஆபத்து மிகுதி.

அத்தகைய உழவர் ஒருவர் நீங்காத காய்ச்சலோடும் இருமலோடும் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். எக்ஸ்ரே படம் காசநோய் போலவே தோன்றலாம். ஆனால் காசநோய்ச் சிகிச்சை இதைத் தீர்க்காது. பெனிசிலின், ஆம்பிசிலின், ஜென்டாமைசின் ஆகியவையும் பொதுவாகப் பலிப்பதில்லை. கிருமி இரத்தத்தில் பரவினால் சில நாட்களிலேயே உயிர் போய்விடலாம். இங்கேதான் தொற்றுநோய் வல்லுநர் தேவைப்படுகிறார்.

"என்ன தொழில் செய்கிறீர்கள்? மழையில் வயலில் இறங்கினீர்களா?" என்பவை அவருடைய முதல் கேள்விகள். பிறகு இரத்தம், சளி, சீழ் ஆகியவற்றை ஆய்வகத்துக்கு அனுப்புவார். தமது ஐயத்தையும் எழுதி அனுப்புவார். இல்லையேல் தட்டில் வளர்ந்த கிருமியை, தற்செயலாய்க் கலந்த மண்ணுயிர் என்று ஒதுக்கிவிடக்கூடும்.

ஆய்வகத்தில் என்ன நடக்கிறது? அகார் கூழ் பரப்பிய தட்டில் கிருமியைத் தடவி, மருந்து தோய்ந்த சிறு காகித வில்லைகளை வைக்கிறார்கள். மருந்து கூழுக்குள் விரவுகிறது. வில்லையிலிருந்து தூரம் கூடக்கூட அதன் செறிவு குறைகிறது. கிருமியைத் தடுக்கப் போதுமான செறிவு உள்ள இடம் வரை தெளிந்த வட்டம் தோன்றும். அதன் விட்டத்தை மில்லிமீட்டரில் அளக்கிறார்கள்.

அப்படியானால், பெரிய வட்டம் தந்த மருந்துதான் சிறந்ததா? இல்லை. மருந்துக்கு மருந்து விரவும் வேகம் வேறுபடும். ஆகவே ஒவ்வொரு மருந்துக்கும் தனி அளவுகோல் உண்டு. அதோடு, அம்மருந்து நோயுற்ற உறுப்பைச் சென்றடையுமா, நோயாளியின் சிறுநீரகம் அதைத் தாங்குமா என்பதையும் வல்லுநர் பார்க்க வேண்டும்.

இந்நோய்க்குச் செஃப்டாசிடைம் அல்லது மெரோபெனம் ஊசி குறைந்தது 2 வாரம் போடுவது வழக்கம். அதன்பின் கோட்ரைமாக்சசோல் மாத்திரை குறைந்தது 3 மாதம். காய்ச்சல் விட்டதென்று இடையில் நிறுத்தினால் நோய் திரும்பி வரலாம். மற்ற நோயாளிகளிடம், தேவையற்ற மருந்தை நிறுத்தச் சொல்வதும் இவ்வல்லுநரின் பணியே. வீணாகக் கொடுக்கும் மருந்து, அதற்கு அடங்காத கிருமிகள் பெருகவே வழி செய்யும்.

வீட்டில் செய்து பாருங்கள்: கடற்பாசிக் கூழைத் தட்டில் உறையவிட்டு, இரு வேறு நிற மைகளை ஒரே அளவு சொட்டு வையுங்கள். மறுநாள் வட்டங்களை அளந்து ஒப்பிடுங்கள். வயலில் இறங்கும் உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குச் சர்க்கரை வியாதி இருந்தால், காலில் உள்ள புண்ணை மூடிக்கொள்ளச் சொல்லுங்கள். காய்ச்சல் நீடித்தால், வயலில் வேலை செய்ததை மருத்துவரிடம் மறவாமல் கூறச் சொல்லுங்கள்.