தர்க்க நிரலின் போக்கைக் காட்டும் குறிகள்

கல்யாண் சந்திப்பில் மத்திய ரயில்வேயின் புறநகர்ப் பாதை இரண்டாகப் பிரிகிறது. கஸாரா செல்லும் கிளையில் அடுத்த நிலையம் ஷஹாட். கர்ஜத் செல்லும் கிளையில் விட்டல்வாடி, அதற்கடுத்தது உல்லாஸ்நகர். இம்மூன்று இணைப்புகளையும் ‘அடுத்து’ என்னும் பெயரால் உண்மைகளாக எழுதிக் கொள்வோம். அடுத்த நிலையத்திற்கு வழி உண்டு என்பது முதல் விதி. அடுத்த நிலையம் ஒன்றிலிருந்து வழி இருப்பின் இங்கிருந்தும் வழி உண்டு என்பது இரண்டாம் விதி. இவ்வாறு உண்மைகளாலும் விதிகளாலும் அமைவதே தர்க்க நிரல். பிரான்ஸ் நாட்டின் மார்செய் நகரில் 1972-ஆம் ஆண்டளவில் அலன் கொல்மெரோயரும் பிலிப் ரூசெலும் உருவாக்கிய புரோலாக் இவ்வகையில் முதன்மையான மொழியாகும்.

கல்யாணிலிருந்து உல்லாஸ்நகருக்கு வழி உண்டா என வினவினால், ‘உண்டு’ என்று விடை வரும். அது வந்த விதம் மறைந்தே நிற்கும். இதனை வெளிப்படுத்த லாரன்ஸ் பேர்ட் என்பார் 1980-இல் ஒரு முறையை விளக்கினார். ஒவ்வோர் இலக்கையும் நான்கு வாயில்களுள்ள பெட்டியாகக் கொள்க. அழைப்பு, மறுமுயற்சி என்பன உட்புகும் வாயில்கள். வெற்றி, தோல்வி என்பன வெளியேறும் வாயில்கள். முதல் விதி பயன்படாது போனபின் நிகழ்வதை, உட்படிகளை விடுத்துக் காண்போம்:

அழைப்பு: அடுத்து (கல்யாண், எது?)
வெற்றி: அடுத்து (கல்யாண், ஷஹாட்)
அழைப்பு: வழி (ஷஹாட், உல்லாஸ்நகர்)
தோல்வி: வழி (ஷஹாட், உல்லாஸ்நகர்)
மறுமுயற்சி: அடுத்து (கல்யாண், எது?)
வெற்றி: அடுத்து (கல்யாண், விட்டல்வாடி)
அழைப்பு: வழி (விட்டல்வாடி, உல்லாஸ்நகர்)
வெற்றி: வழி (விட்டல்வாடி, உல்லாஸ்நகர்)

ஷஹாடில் இறங்கி உல்லாஸ்நகரின் ஒரு பகுதிக்குச் செல்வோர் உண்டு என்பதை அவ்வூரார் அறிவர். அவ்வுண்மை எழுதப்படாமையால் இயந்திரம் அதனை அறியாது.

இனி, இரண்டாம் விதியில் ‘வழி’யை முன்னும் ‘அடுத்து’வைப் பின்னுமாக மாற்றி எழுதுவோம். தர்க்கப் பொருள் சிறிதும் மாறவில்லை. கல்யாணைப் பற்றிய வினாவிற்கு முன்போலவே ‘உண்டு’ என்றே விடை கிடைக்கும். ஆகவே எழுதியவர் ஐயுறமாட்டார். ஷஹாடிலிருந்து வழி உண்டா என்று கேட்டாலோ, ‘இல்லை’ என்னும் விடைகூட வாராது. காரணத்தைத் தடக்குறிகளே காட்டும். ‘வழி’க்குள் ‘வழி’யாக அழைப்புகள் ஆழ்ந்துகொண்டே செல்கின்றன, முதல் அழைப்புக்கு உரிய வெற்றியோ தோல்வியோ எங்கும் காணப்படவில்லை. வரிதோறும் அச்சாகும் ஆழ எண், இடையிடையே இறங்கினும், நினைவகம் தீரும்வரை உயர்ந்துகொண்டே போகும். ‘அடுத்து’வை மீண்டும் முன்னே வைத்தால் ‘இல்லை’ என்னும் விடை உடனே வந்துவிடும்.