மூன்று சிலைகளும் ஒரு குதிரைப் படையும்

தில்லி மாநகரில் ஒரு நாற்சந்தி. நடுவில் ஒரு கல் தூண். தூணைச் சுற்றி மூன்று ஆள் உருவச் சிலைகள். மூன்றும் வெண்கலச் சிலைகள். மூவரும் போர் வீரர்கள்.

இந்த இடத்தின் பெயர் தீன் மூர்த்தி. இந்தி மொழியில் 'தீன்' என்றால் மூன்று. 'மூர்த்தி' என்றால் சிலை. பக்கத்தில் ஒரு பெரிய மாளிகை இருக்கிறது. அதன் பெயர் தீன் மூர்த்தி பவன். நம் முதல் பிரதமர் நேரு 1964இல் மறையும் வரை அங்குதான் வாழ்ந்தார்.

தினமும் ஆயிரக்கணக்கானவர்கள் பேருந்தில் அந்தச் சிலைகளைத் தாண்டிப் போகிறார்கள். அந்த மூவரும் யார்? எங்கே போரிட்டார்கள்? யாருக்காகப் போரிட்டார்கள்?

வாருங்கள், தெரிந்துகொள்வோம்.

நமக்குத் தெரிந்த சொற்கள்

முதலில் சில சொற்களைப் பார்ப்போம். நாம் 'குதிரைச் சவாரி' என்கிறோம். 'வண்டிச் சவாரி' என்றும் சொல்கிறோம். குதிரைப் படையில் சாதாரண வீரனுக்கு 'சவார்' என்று பெயர். சவாரி செய்பவன் சவார்.

கலெக்டர் ஆபீசில் தபேதார் இருப்பார். தலைப்பாகையும் டவாலியும் அணிந்து நிற்பார். இந்தப் பெயர் குதிரைப் படையிலிருந்து வந்தது. சில சவார்களுக்கு மேலே ஒரு தபேதார் இருப்பார்.

'ராவுத்தர்' என்ற சொல்லும் தமிழ்நாட்டில் உண்டு. அதற்குக் குதிரை வீரர் என்று பொருள்.

பாருங்கள், குதிரைப் படை நமக்குப் புதியது அல்ல. நம் பேச்சிலேயே அது கலந்திருக்கிறது.

சொந்தக் குதிரையோடு வந்த வீரன்

வெள்ளையர் ஆட்சிக் காலத்தில் குதிரைப் படையில் சேருவது எளிதல்ல. பல படைகளில் 'சில்லேதார்' என்ற முறை இருந்தது. இந்த முறையில் வீரன் தன் சொந்தக் குதிரையோடு வர வேண்டும். குதிரை இல்லை என்றால் படையில் பணம் கட்ட வேண்டும். அந்தப் பணத்தில் அவனுக்குக் குதிரை கொடுப்பார்கள்.

சர்க்கார் மாதச் சம்பளம் தரும். அதிலிருந்துதான் வீரன் தானும் சாப்பிட வேண்டும், குதிரைக்கும் தீனி போட வேண்டும். கொள்ளு, புல், வைக்கோல், லாடம், சேணம் எல்லாம் அவன் பொறுப்பு.

ஏழைக் கூலிக்காரனால் இப்படிச் சேர முடியுமா? முடியாது. கொஞ்சம் நிலம் வைத்திருந்த குடும்பத்துப் பிள்ளைகள்தான் பெரும்பாலும் சேர்ந்தார்கள். சில குடும்பங்கள் கடன் வாங்கியும் பணம் கட்டின.

முதல் உலகப் போர் வந்தது. குதிரைகள் கூட்டம் கூட்டமாக மடிந்தன. இறந்த குதிரைக்கு ஈடாக வீரனால் வேறு குதிரை வாங்க முடியுமா? சில்லேதார் முறை தாங்கவில்லை. போருக்குப் பிறகு அந்த முறையை நிறுத்திவிட்டார்கள்.

மன்னர்களின் சேமப் படை

அன்று இந்தியா முழுவதையும் வெள்ளையர் நேராக ஆளவில்லை. 560க்கு மேற்பட்ட சமஸ்தானங்கள் இருந்தன. அங்கே ராஜாக்களும் நவாப்புகளும் ஆண்டார்கள். மைசூர், ஐதராபாத், ஜோத்பூர், குவாலியர், பட்டியாலா போன்றவை பெரிய சமஸ்தானங்கள்.

1889இல் ஆங்கில அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது. விருப்பமுள்ள சமஸ்தானங்கள் தனியாக ஒரு படை வைத்துக்கொள்ளலாம். அந்தப் படைக்குச் செலவு செய்வது சமஸ்தானம். அதிகாரிகள் இந்தியர்கள். ஆங்கில அதிகாரிகள் வந்து பயிற்சியைப் பார்வையிடுவார்கள். போர் வந்தால் அந்தப் படையை ஆங்கில அரசுக்கு அனுப்ப வேண்டும்.

வீட்டில் விதை நெல்லைத் தனியாக எடுத்து வைக்கிறோம். அவசரத்துக்கு அது உதவும். அதுபோல ஆங்கில அரசுக்கு இது ஒரு சேமப் படை. ஆனால் விதை நெல் நம்முடையது. இந்தப் படையை வளர்த்தது சமஸ்தான மக்களின் வரிப்பணம். பயன்படுத்தியது வேறொருவர்.

இப்படித்தான் ஜோத்பூர் குதிரைப் படை வளர்ந்தது. மைசூர் குதிரைப் படையும் வளர்ந்தது. இந்த வீரர்கள் நீண்ட ஈட்டி வைத்திருப்பார்கள். அதனால் இவர்களை 'லான்சர்ஸ்' என்றார்கள். லான்சர் என்றால் ஈட்டி வீரர்.

கடல் கடந்த பயணம்

1914இல் முதல் உலகப் போர் தொடங்கியது. சேமப் படைகளுக்கு அழைப்பு வந்தது. மைசூர், ஐதராபாத், பட்டியாலா வீரர்கள் எகிப்து நாட்டுக்குப் போனார்கள். அங்கே சூயஸ் கால்வாயைக் காத்தார்கள்.

ஜோத்பூர் வீரர்கள் பிரான்ஸ் நாட்டுக்குப் போனார்கள். அவர்களோடு சர் பிரதாப் சிங்கும் போனார். அவர் ஜோத்பூர் அரச குடும்பத்தவர். அப்போது அவருக்கு வயது எழுபதை நெருங்கியிருந்தது.

பிரான்சில் குளிர் கடுமை. எங்கும் சேறு. இரு பக்கமும் பதுங்கு குழிகள், நடுவில் முள்கம்பி. குதிரை ஓட இடமே இல்லை. பல மாதங்கள் குதிரை வீரர்கள் காத்துக்கிடந்தார்கள். சில சமயம் குதிரையை விட்டுவிட்டுப் பதுங்கு குழியில் நின்றார்கள்.

அந்த வீரர்களுக்கு ஊர் நினைவு வந்தது. கடிதம் போட ஆசை. ஆனால் பலருக்கு எழுதத் தெரியாது. எழுதத் தெரிந்த ஒருவரைத் தேடிப் போவார்கள். இவர் சொல்லச் சொல்ல அவர் எழுதுவார். பிறகு தணிக்கை அதிகாரி அந்தக் கடிதத்தைப் படிப்பார். ஊரிலும் அப்படித்தான். மனைவிக்கோ தாய்க்கோ படிக்கத் தெரியாது. அங்கே வேறு ஒருவர் படித்துச் சொல்ல வேண்டும்.

நினைத்துப் பாருங்கள். கணவன் மனைவிக்கு எழுதும் கடிதம். நடுவில் மூன்று பேர்! மனதில் உள்ளதை முழுதாகச் சொல்ல முடியுமா? "குதிரை நலம், நானும் நலம்" என்பதற்கு மேல் என்ன சொல்லியிருக்க முடியும்?

ஹைஃபா நகரில் நடந்த போர்

1918இல் ஜோத்பூர் படையும் எகிப்து வந்து சேர்ந்தது. மைசூர், ஐதராபாத் படைகளோடு ஒன்றானது. அங்கிருந்து பாலஸ்தீனம் போனார்கள். அந்த நாடு அப்போது துருக்கியரின் ஆட்சியில் இருந்தது. துருக்கியருக்கு ஜெர்மானியர் துணை. எதிரே ஆங்கிலப் படை.

ஹைஃபா ஒரு துறைமுக நகரம். படைக்கு வேண்டிய உணவும் மருந்தும் கப்பலில் வர வேண்டும். அதற்குத் துறைமுகம் தேவை. ஆகவே ஹைஃபாவைப் பிடிக்கச் சொல்லி உத்தரவு வந்தது.

வழி மிகக் கடினம். ஒரு பக்கம் கார்மேல் மலை. மறு பக்கம் கீஷோன் ஆறு. நடுவில் குறுகிய பாதை. மலையில் பீரங்கிகளும் இயந்திரத் துப்பாக்கிகளும் காத்திருந்தன. இயந்திரத் துப்பாக்கி நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கான குண்டுகளைச் சுடும். வீரர்கள் கையிலோ ஈட்டியும் வாளும்!

1918 செப்டம்பர் 23. மைசூர் வீரர்களில் ஒரு பகுதியினர் மலை ஏறினார்கள். மேலிருந்த பீரங்கிகளை நோக்கிப் போனார்கள். பிற்பகலில் ஜோத்பூர் வீரர்கள் கீழே பாய்ந்தார்கள். ஆற்றைக் கடக்கப் பார்த்தார்கள். கரையில் புதைமணல். முன்னே போன குதிரைகள் சிக்கிக்கொண்டன. குண்டுகள் மழையாகப் பொழிந்தன.

நின்றால் சாவு. உடனே இடது பக்கம் திரும்பினார்கள். மலை அடிவாரத்தில் இருந்த இயந்திரத் துப்பாக்கிகள் மேலேயே பாய்ந்தார்கள். அவற்றைப் பிடித்தார்கள். அதே வேகத்தில் நகருக்குள் புகுந்தார்கள். மைசூர் வீரர்களும் வந்து சேர்ந்தார்கள். அன்றே ஹைஃபா வீழ்ந்தது.

எதிரிகள் 1,350 பேர் சிறைப்பட்டனர். 17 பீரங்கிகளும் 11 இயந்திரத் துப்பாக்கிகளும் கிடைத்தன.

இந்தப் பக்கம் 8 வீரர்கள் இறந்தார்கள். 34 பேர் காயம் அடைந்தார்கள். ஜோத்பூர் படையை நடத்திய மேஜர் தல்பத் சிங் குண்டு பட்டு இறந்தார்.

குதிரைகள்? 60 குதிரைகள் இறந்தன. 83 குதிரைகள் காயப்பட்டன. மனிதர்களை விடக் குதிரைகள்தான் அதிகமாகக் குண்டுகளைத் தாங்கின.

யாருக்காக?

வெற்றி யாருக்கு? ஆங்கில அரசுக்கு. போர் முடிந்தது. அடுத்த ஆண்டே, 1919இல், அமிர்தசரஸ் நகரில் ஜாலியன்வாலா பாக் படுகொலை நடந்தது. கூடியிருந்த மக்களை ஆங்கில அதிகாரி சுடச் சொன்னார். போருக்கு மிக அதிகமான வீரர்களை அனுப்பிய மாகாணங்களில் ஒன்று பஞ்சாப். அந்தப் பஞ்சாபில்தான் இது நடந்தது.

ஆகவே இந்தக் கதையில் இரண்டும் உண்டு. வீரர்களின் துணிவு உண்மை. அந்தத் துணிவை அந்நிய ஆட்சி பயன்படுத்திக்கொண்டதும் உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றதை மறைக்கக் கூடாது.

1922இல் தில்லியில் மூன்று சிலைகளை வைத்தார்கள். ஒன்று ஐதராபாத் வீரனுக்கு. ஒன்று மைசூர் வீரனுக்கு. ஒன்று ஜோத்பூர் வீரனுக்கு. 2018இல் அந்த இடத்துக்கு 'தீன் மூர்த்தி ஹைஃபா சௌக்' என்று பெயர் மாற்றினார்கள். ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் 23ஆம் நாளை நம் ராணுவம் ஹைஃபா நாளாக நினைவுகூர்கிறது.

குதிரை போனது, டாங்கி வந்தது

காலம் மாறியது. போரில் மோட்டார் வண்டிகள் வந்தன. டாங்கிகள் வந்தன. 1938இல் இந்தியக் குதிரைப் படைகள் குதிரைகளை விடத் தொடங்கின. சில ஆண்டுகளில் எல்லாப் படைகளும் டாங்கிக்கும் கவச வண்டிக்கும் மாறின. பெயர் மட்டும் 'கேவல்ரி', அதாவது குதிரைப் படை என்றே நின்றது.

சமஸ்தானங்களில் மட்டும் சில குதிரைப் படைகள் மிஞ்சின.

1947இல் நாடு விடுதலை பெற்றது. சமஸ்தானங்கள் இந்தியாவோடு இணைந்தன. ராஜாக்களின் படைகள் என்ன ஆவது? அவற்றை இந்திய ராணுவத்தில் சேர்த்தார்கள். குதிரைப் படைகளைக் கலைத்துவிடலாம் என்ற பேச்சும் வந்தது.

முழுதாகக் கலைக்கவில்லை. குவாலியர், ஜோத்பூர், ஜெய்ப்பூர், மைசூர், பட்டியாலா ஆகிய சமஸ்தானங்களின் மிஞ்சிய குதிரைப் படைகளை ஒன்று சேர்த்தார்கள். 1953இல் குவாலியரில் ஒரு புதிய படை பிறந்தது. 1954இல் அதற்கு '61ஆம் குதிரைப் படை' என்று பெயர் வைத்தார்கள்.

ஐந்து ஓடைகள் சேர்ந்து ஓர் ஆறு ஆனது போல இது. முன்பு ஒவ்வொரு படைக்கும் ஒரு ராஜா. இப்போது எல்லோருக்கும் ஒரே நாடு, ஒரே கொடி, ஒரே சட்டம்.

61ஆம் படை

இந்தப் படையின் வீடு ராஜஸ்தானில் உள்ள ஜெய்ப்பூர். லாயங்களில் குதிரைகள் வரிசையாக நிற்கும். விடியும் முன்பே வேலை தொடங்கும். குதிரையைத் தேய்த்து விட வேண்டும். குளம்பைச் சுத்தம் செய்ய வேண்டும். லாடம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தீனியும் தண்ணீரும் காட்ட வேண்டும். குதிரை சாப்பிட்ட பிறகுதான் வீரன் சாப்பிடுவான். இது குதிரைப் படைகளின் பழைய வழக்கம்.

இந்தப் படையினர் விளையாட்டிலும் பேர் பெற்றவர்கள். 1982இல் தில்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்தது. 61ஆம் படையைச் சேர்ந்த ரகுபீர் சிங் குதிரையேற்றத்தில் தங்கப் பதக்கம் வென்றார்.

ஜனவரி 26 குடியரசு நாள். தில்லி அணிவகுப்பில் குதிரைகள் தாளம் தப்பாமல் நடந்து வரும். அதுதான் 61ஆம் படை. நீங்கள் டி.வி.யில் பார்த்திருப்பீர்கள்.

2020இல் இந்தப் படையையும் டாங்கிப் படையாக மாற்றலாம் என்ற யோசனை பத்திரிகைகளில் வந்தது. "குதிரைக்கு இனி என்ன வேலை?" என்றார்கள் சிலர். "நூறாண்டு மரபை விடலாமா?" என்றார்கள் சிலர். அதற்குப் பிறகும், 2025 குடியரசு நாளிலும், குதிரைகள் அணிவகுத்து வந்தன.

அடுத்த முறை அந்தக் குதிரைகளைப் பார்க்கும்போது நினைத்துக்கொள்ளுங்கள். அவற்றின் பின்னால் ஒரு நீண்ட கதை இருக்கிறது. கார்மேல் மலை இருக்கிறது. கீஷோன் ஆற்றின் புதைமணல் இருக்கிறது. எழுதத் தெரியாத ஒரு சவார் பிறரைக் கொண்டு எழுதிய கடிதமும் இருக்கிறது.

ஆண்டுகளை நினைவில் கொள்வோம்

1889 – சமஸ்தானச் சேமப் படைத் திட்டம்
1914 – முதல் உலகப் போர் தொடக்கம்
1918 – ஹைஃபா போர்
1922 – தில்லியில் மூன்று சிலைகள்
1947 – நாடு விடுதலை
1953 – ஐந்து சமஸ்தானப் படைகள் ஒன்றாதல்
1954 – 61ஆம் குதிரைப் படை என்ற பெயர்

புதிய சொற்கள்

சமஸ்தானம் – ராஜா ஆண்ட பகுதி
சேமப் படை – அவசரத்துக்கு வைத்திருக்கும் படை
லாயம் – குதிரை கட்டும் இடம்
தணிக்கை – கடிதத்தைப் படித்துப் பார்த்து அனுமதி தருதல்

பயிற்சி

அ. கோடிட்ட இடத்தை நிரப்புங்கள்.
1. குதிரைப் படையின் சாதாரண வீரன் பெயர் ______.
2. ஹைஃபா போர் நடந்த ஆண்டு ______.
3. 61ஆம் படை இருக்கும் ஊர் ______.

ஆ. விடை எழுதுங்கள்.
1. சில்லேதார் முறையில் ஏழைகள் ஏன் சேர முடியவில்லை?
2. ஹைஃபாவைப் பிடிப்பது ஏன் கடினமாக இருந்தது?
3. தில்லியில் உள்ள மூன்று சிலைகள் எந்தெந்தச் சமஸ்தான வீரர்களுக்கு?

இ. கணக்குப் போடுங்கள்.
ஹைஃபாவில் 60 குதிரைகள் இறந்தன. 83 குதிரைகள் காயப்பட்டன. மொத்தம் எத்தனை?

ஈ. கலந்து பேசுங்கள்.
உங்கள் ஊரிலிருந்து யாராவது பட்டாளத்துக்குப் போனார்களா? அவர்கள் கதையைக் கேளுங்கள். நீங்களே ஐந்து வரி எழுதுங்கள். பிறர் துணை வேண்டாம். உங்கள் கையால் எழுதுங்கள்.