லாரியா, ரயிலா, கப்பலா: சரக்கு அனுப்பும் முன் ஒரு கணக்கு

சரக்கை எதில் அனுப்புவது என்று யோசிக்கும்போது வாடகையையும் நாளையும் மட்டும் பார்ப்பது நம் வழக்கம். இனிப் புகையையும் அதே தாளில் எழுதிப் பார்க்க வேண்டும். ஒரு டன்னை ஒரு கிலோமீட்டர் கொண்டுபோக டீசல் லாரிக்கு 70 கிராம் கார்பன் டை ஆக்சைடு, சரக்கு ரயிலுக்கு 20, பெரிய கப்பலுக்கு 15 என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம்; வண்டியையும் பாரத்தையும் பொறுத்து இவை கூடும், குறையும். இந்தியாவில் சரக்கின் பெரும்பகுதி, ஏறத்தாழ 70 சதவீதம், சாலையில்தான் ஓடுகிறது. அதற்காக எல்லாவற்றையும் கப்பலில் ஏற்றிவிட முடியாது. தூரம், பாதை, இரண்டு முனையிலும் ஏற்றி இறக்கும் வேலை ஆகிய மூன்றையும் பார்த்த பிறகே விடை சொல்ல முடியும்.

சென்னையிலிருந்து டெல்லிக்கு 25 டன் போகிறது என்று வைப்போம். 2,200 கிலோமீட்டருக்கு லாரி வெளியிடுவது 3,850 கிலோ. ரயிலில் 1,100 கிலோ. இரு முனையிலும் 50 கிலோமீட்டர் லாரி ஓட்டத்துக்கு 175 கிலோ சேர்த்தாலும் மூன்றில் ஒரு பங்குதான். இதே கணக்கை 300 கிலோமீட்டருக்குப் போட்டால் லாரி 525, ரயில் 325. முனைகளில் லாரி ஓட்டம் ஒவ்வொன்றும் 100 கிலோமீட்டராகிவிட்டால் மிச்சம் 25 கிலோதான். திருப்பூர் பின்னலாடை தூத்துக்குடிக்கு லாரியில் போவதில் தவறில்லை. பாதி லோடோடு போய், திரும்பும்போது காலியாக வருவதுதான் தவறு.

கடல்வழியில் பூகோளம் குறுக்கே நிற்கிறது. சென்னையிலிருந்து மும்பைக்குச் சாலையில் சுமார் 1,330 கிலோமீட்டர். பாக் நீரிணை ஆழமில்லாததால் பெரிய கப்பல் இலங்கையைச் சுற்றிப் போக, தூரம் ஏறக்குறைய இரு மடங்காகிறது. டன்னுக்கு லாரி 93 கிலோ, கப்பல் 41 கிலோ, ரயில் 26 கிலோ. இங்கே ரயில்தான் முதலிடம். சுற்று குறைந்த கிழக்குக் கரையில் நிலைமை வேறு. ஒடிசாவின் தால்சேர் நிலக்கரி ரயிலில் பாரதீப் வந்து, கப்பலேறி எண்ணூரில் இறங்கி, கன்வேயர் பெல்ட்டில் அனல்மின் நிலையத்துக்குப் போகிறது. சுரங்கத்திலிருந்து கொதிகலன் வரை நெடுஞ்சாலையில் லாரி ஓட்டமே தேவையில்லை. நிலக்கரியை நாளை கைவிட்டாலும் இந்த ஏற்பாடு சிமென்டுக்கும் உரத்துக்கும் பொருந்தும்.

ரயில் தாமதம் என்ற புகார் நியாயமானது. சரக்கு ரயிலின் சராசரி வேகம் மணிக்கு 25 கிலோமீட்டர் அளவில்தான் இருக்கிறது, பயணிகள் ரயிலுக்கு வழிவிட்டே நேரம் போகிறது. டெல்லியை ஒட்டிய தாத்ரியிலிருந்து மும்பைக்கு அருகிலுள்ள நவசேவா துறைமுகம் நோக்கிப் போடப்பட்ட சரக்குக்கான தனிப்பாதை போல ஒன்று தெற்கே இன்னும் இல்லை. ஆகவே அவசரச் சரக்கு லாரிக்கே. ஏற்றி இறக்குவதும் தொல்லைதான். கூட்ஸ் ஷெட்டில் ஒரு மூட்டை படும் பாட்டைப் பாருங்கள்: லாரியிலிருந்து பிளாட்பாரம், அங்கிருந்து வேகன், போன ஊரில் மறுபடி இரண்டு முறை. ஒவ்வொரு தடவையும் சாக்கு கிழிகிறது, கூலி ஏறுகிறது, நேரம் தவறினால் டெமரேஜ் என்ற தாமதக் கட்டணம். முழு ரேக், அதாவது ஒரு சரக்கு ரயில் முழுவதும் என்றால் 2,500 டன்னாவது வேண்டும். சிறு தொழிலுக்கு அது எட்டாது. கன்டெய்னரில் தொழிற்சாலையிலேயே ஏற்றிப் பூட்டிவிட்டால் இவற்றில் பெரும்பகுதி தீரும். மாருதி சுசுகி தன் கார்களில் ரயிலில் அனுப்பும் பங்கை 2014-15இல் இருந்த 5 சதவீதத்திலிருந்து 2023-24இல் 21.5 சதவீதமாக உயர்த்தியது. மனம் வைத்தால் முடியும் என்பதற்கு இதுவே சாட்சி.

ரயிலுக்கான மின்சாரமும் நிலக்கரியில்தானே என்பார்கள். உண்மைதான். ஆனால் இரும்புத் தண்டவாளத்தில் இரும்புச் சக்கரம் உருள உராய்வு குறைவு. அதே பாரத்துக்கு லாரியைவிடக் குறைந்த ஆற்றல் போதும். மின்சாரத்தில் சூரியனும் காற்றும் கூடக்கூட ரயில் தானாகச் சுத்தமாகும், டீசல் லாரி ஆகாது. ஓட்டுநர் பிழைப்பு போய்விடுமா? கொங்கண் ரயில்வே 1999 முதல் லாரியையே ஓட்டுநரோடு தட்டை வேகனில் ஏற்றிச் செல்கிறது. ரயில் முனையைச் சுற்றிய குறுகிய ஓட்டங்களுக்கும் ஆள் வேண்டும், அவர் இரவில் வீடு திரும்பலாம்.

500 கிலோமீட்டருக்கு மேல், கனமான, அவசரமில்லாத சரக்கென்றால் முதலில் ரயிலைக் கேளுங்கள். இரு முனையும் துறைமுகத்தை ஒட்டி, பாதையும் சுற்றாமல் இருந்தால் கப்பல். மற்றதெல்லாம் முழு லோடு லாரிக்கு. அடுத்த லோடுக்கு லாரி பேசுவதற்கு முன், பக்கத்துக் கன்டெய்னர் முனையத்தில் ஒருமுறை விலை கேட்டுப் பாருங்கள்.