பிக்காசாவை விண்டோஸ் 11-க்குக் குடி மாற்றுவது எப்படி?

சிவகாசி பிரஸ்களில் ஆடிப்பெருக்கு தொடங்கிப் பொங்கல் வரை நன்றாக ஓடும் கம்ப்யூட்டரில் கை வைக்கக் கூடாது. ஆடி பதினெட்டுக்கு மறுவருடக் காலண்டர் ஆல்பம் வெளிவந்துவிட்டால் ஆர்டர் குவியத் தொடங்கும். பட்டாசு லேபிள் வேலையும் கூடவே ஓடும். மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 10-க்கு ஆதரவை நிறுத்திய நாளோ 2025 அக்டோபர் 14, தீபாவளிக்கு ஆறு நாள் முன்பு. நம்மைக் கேட்டா தேதி குறிக்கிறார்கள்! இன்னும் மாறாதவர்கள் தை பிறந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கென ஒதுக்குங்கள்.

பிக்காசாவை கூகுள் 2016-லேயே கைவிட்டுவிட்டது. எங்கள் டிசைன் டேபிளில் இன்னும் அதுதான் ஓடுகிறது. ஃபோட்டோஷாப்பின் பிஎஸ்டி கோப்பு, டிஃப் கோப்பு எல்லாவற்றையும் சின்னச் சின்னப் படமாக வரிசை கட்டிக் காட்டும். "அந்த மயில் லேபிள், தோகை இடப்பக்கமா சாயுமே, அது வேணும்" என்று பார்ட்டி வந்து நின்றால், கோப்பின் பெயர் தெரியாமலே கண்டுபிடித்துவிடலாம். கோரல் டிரா கோப்பு மட்டும் இதில் தெரியாது. அதனால் கோரலில் செய்த ஒவ்வொன்றுக்கும் பக்கத்திலேயே ஒரு ஜேபெக் போட்டு வைப்போம்.

முதல்முறை மாற்றியபோது நான் சொதப்பிவிட்டேன். படங்கள் டி டிரைவில் இருக்கின்றனவே என்ற தைரியத்தில் சி டிரைவை ஃபார்மட் அடித்தாயிற்று. "படமெல்லாம் பத்திரமா இருக்கு அண்ணாச்சி" என்றேன். முதலாளி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார். "படம் இருக்குப்பா. எந்தப் படம் எந்தப் பார்ட்டிக்குன்னு பிரிச்சு வச்சிருந்தியே, அது எங்க?"

அது சி டிரைவில் இருந்தது. பிக்காசா தன் குறிப்புகளை இரண்டு இடத்தில் வைக்கிறது. படங்கள் உள்ள ஒவ்வொரு ஃபோல்டரிலும் மறைவாக ஒரு சின்ன 'ஐஎன்ஐ' கோப்பு இருக்கும். செய்த திருத்தங்களும் நட்சத்திரக் குறியும் அதில் பதிவாகும். இன்னொரு பங்கு சி டிரைவில், யூசர்ஸ், உங்கள் பெயர், ஆப்டேட்டா, லோக்கல், கூகுள் என்று உள்ளே போனால் இருக்கும் 'பிக்காசா2', 'பிக்காசா2ஆல்பம்ஸ்' என்ற இரு ஃபோல்டர்கள். ஆப்டேட்டாவே மறைந்திருக்கும், எக்ஸ்ப்ளோரரில் 'வியூ' மெனுவுக்குப் போய் 'ஹிட்டன் ஐட்டம்ஸ்' டிக் செய்தால் தலைகாட்டும். பிக்காசாவை மூடிவிட்டு அந்த இரண்டையும், படங்கள் முழுவதையும் வெளி ஹார்ட் டிஸ்க்கில் காப்பி எடுங்கள்.

அதோடு, திருத்திய படங்களுக்கு 'சேவ்' கொடுத்துவிடுங்கள். பிக்காசாவில் வெளிச்சம் கூட்டினாலும் ஓரம் வெட்டினாலும், சேவ் கொடுக்கும்வரை அசல் படம் மாறாது. திருத்தம் குறிப்பாகத்தான் இருக்கும். வேறு மென்பொருளில் திறந்தால் பழைய படமே வரும். சேவ் கொடுத்தால் அசல் அதே ஃபோல்டருக்குள் ஒரு மறைவான துணை ஃபோல்டருக்குப் போய்விடும். கனவான் மென்பொருள், எதையும் தூக்கி எறியாது.

அடுத்து, நிறுவும் கோப்பு. கூகுள் இப்போது அதைத் தருவதில்லை. பழைய மெஷினின் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் 3.9 பதிப்பு கிடக்கிறதா பாருங்கள். வெளியிலிருந்து வாங்கினால் ரைட் கிளிக், 'பிராப்பர்ட்டீஸ்', 'டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ்' என்று போய் கூகுளின் பெயர் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் தொடாதீர்கள்.

புது மெஷினில் எந்த வரிசையில் செய்கிறோம் என்பதில்தான் காரியமே இருக்கிறது. படங்கள் பழைய மெஷினில் டி டிரைவில் இருந்திருந்தால் இங்கும் டி டிரைவிலேயே இருக்க வேண்டும். எழுத்து மாறினால் பிக்காசா எல்லாவற்றையும் புதுப் படமாக நினைத்துக்கொள்ளும். ஸ்டார்ட் பொத்தானில் ரைட் கிளிக் செய்து 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' போனால் எழுத்தை மாற்றலாம். பிறகு பிக்காசாவை நிறுவுங்கள், ஆனால் திறக்காதீர்கள். காப்பி எடுத்த இரண்டு ஃபோல்டர்களையும் லோக்கலுக்குள் உள்ள கூகுள் ஃபோல்டரில் போட்டுவிட்டு, அதற்கப்புறம் திறங்கள்.

எழுத்து எறும்பு சைஸில் தெரிகிறதா? புதிய மானிட்டர்களில் அப்படித்தான். ஐகானில் ரைட் கிளிக், 'பிராப்பர்ட்டீஸ்', 'கம்பேட்டிபிலிட்டி'. அதில் 'சேஞ்ச் ஹை டிபிஐ செட்டிங்ஸ்' திறந்து, கீழே உள்ள கட்டத்தை டிக் செய்து 'சிஸ்டம் என்ஹான்ஸ்டு' தேர்ந்தெடுங்கள். திறக்கவே மறுத்தால் அதே இடத்தில் 'விண்டோஸ் 7' வைத்துப் பாருங்கள்.

சத்தமில்லாமல் குழி பறிப்பது ஒன்டிரைவ். விண்டோஸ் 11 அமைக்கும்போது கவனிக்காமல் 'நெக்ஸ்ட்' தட்டினால் டெஸ்க்டாப்பையும் பிக்சர்ஸையும் அது தன் ஃபோல்டருக்குள் இழுத்துக்கொள்ளும். பழைய இடத்தில் தேடும் பிக்காசாவுக்குப் படம் கிடைக்காது. ஒன்டிரைவ் செட்டிங்ஸில் 'மேனேஜ் பேக்கப்' போய் நிறுத்துங்கள். பிறகு பிக்காசாவின் 'டூல்ஸ்' மெனுவில் 'ஃபோல்டர் மேனேஜர்' திறந்து, படமுள்ள ஃபோல்டர்களுக்கு மட்டும் 'ஸ்கேன் ஆல்வேஸ்' வையுங்கள்.

இணையத்தில் படம் ஏற்றும் பொத்தான்கள் செத்துவிட்டன, அவற்றோடு மல்லுக்கட்ட வேண்டாம். ஐபோனில் எடுத்து அனுப்பும் 'ஹெயிக்' படமும் திறக்காது. அந்த ஃபோனின் கேமரா செட்டிங்ஸில் 'மோஸ்ட் கம்பேட்டிபிள்' வைக்கச் சொல்லுங்கள். மேக் வைத்திருப்பவர்களுக்கு வழியில்லை: 2019-இல் வந்த மேக்ஓஎஸ் கேட்டலினா, பிக்காசா போன்ற 32-பிட் மென்பொருள்களை அடியோடு நிறுத்திவிட்டது. அவர்கள் இலவசமாகக் கிடைக்கும் டிஜிகேமுக்குப் போகலாம்.

எல்லாம் வந்துவிட்டதா என்று கண்ணால் எண்ணிப் பார்க்காதீர்கள். மாற்றும் முன்பே முக்கியமான ஆல்பங்களுக்கு 'கான்டாக்ட் ஷீட்' அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள். சின்னப் படங்கள் வரிசையாக ஒரே தாளில் வந்துவிடும். மாற்றியதும் மறுபடி ஒன்று எடுத்து, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அண்ணாச்சி இப்போது அந்தத் தாளில் சிவப்புப் பேனாவால் டிக் அடித்துத் தருகிறார். மயில் இருந்தால்தான் கையெழுத்து. பழைய ஹார்ட் டிஸ்க் அடுத்த ஆடி பதினெட்டு வரை பீரோவில் இருக்கும்.